மலையேறும் இன்ஜினுக்கு எவ்வளவு காற்று வேண்டும்?

வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானல் போகும் சாலை காமக்காபட்டியைத் தாண்டியதும் ஏறத் தொடங்கிவிடும். டம்டம் பாறை, ஊத்து, பெருமாள் மலை, வெள்ளி நீர்வீழ்ச்சி என்று வளைந்து வளைந்து ஏறி, கடல் மட்டத்திலிருந்து சுமார் 300 மீட்டர் உயரத்தில் புறப்பட்ட வண்டியை 2,100 மீட்டரில் கொண்டுபோய் நிறுத்தும். பழனியிலிருந்து ஏறும் பாதையிலும் உயர வித்தியாசம் ஏறக்குறைய இதேதான்.

ஒரு டன் எடையுள்ள காரை 1,800 மீட்டர் தூக்குவதற்கு மட்டும் ஏறத்தாழ 1.8 கோடி ஜூல் ஆற்றல் வேண்டும். உராய்வும் காற்றின் எதிர்ப்பும் இந்தக் கணக்கில் சேராது. பெட்ரோல் இன்ஜின் தான் எரிக்கும் எரிபொருளில் கால் பங்கைத்தான் வேலையாக மாற்றுகிறது என்று வைத்துக்கொண்டால், இந்தத் தூக்கலுக்கே இரண்டு லிட்டருக்குச் சற்று அதிகமான பெட்ரோல் எரிந்தாக வேண்டும். மீதி முக்கால் பங்கும் வெப்பம்தான். அதில் ஒரு பகுதி புகைக்குழாய் வழியே போய்விடும். இன்னொரு பகுதி சிலிண்டர் சுவரிலும் ஹெட்டிலும் இறங்கும். அதை யாராவது வெளியே எடுத்துப் போக வேண்டும்.

இன்றைய கார்களில் அந்த வேலையைத் தண்ணீரும் ரேடியேட்டரும் செய்கின்றன. ஆனால் காற்றே நேராக வந்து வெப்பத்தை வாங்கிக்கொண்டு போகும் இன்ஜின்களும் இந்த மலைப்பாதையில் ஏராளம். 1955இல் அன்றைய மதராஸில் தொடங்கிய என்ஃபீல்டு இந்தியாவின் புல்லட், சிலிண்டரைச் சுற்றியுள்ள மெல்லிய உலோகத் தகடுகளான ஃபின்கள் மீது படும் எதிர்காற்றை நம்பியே தலைமுறை தலைமுறையாக மலையேறியது. 1972இல் வந்த பஜாஜ் சேத்தக் போன்ற ஸ்கூட்டர்களில் இன்ஜின் பக்கவாட்டுக் கவருக்குள் ஒளிந்திருப்பதால் எதிர்காற்று அதைத் தொடாது. அதனால் மேக்னெட்டிலேயே ஒரு சின்ன ஃபேனைப் பொருத்தி, தகட்டுக் கவர் வழியாகக் காற்றைச் சிலிண்டர் மீது தள்ளினார்கள். ஜெர்மனியின் ஃபோக்ஸ்வேகன் பீட்டில் கார் இதே யோசனையை நான்கு சிலிண்டருக்கு விரித்தது.

இப்படிப்பட்ட ஒரு கார் இன்ஜினில் டர்போசார்ஜரைப் பொருத்தி, அதைக் கொடைக்கானல் மலையில் ஏற்ற வேண்டுமென்றால் எப்படிப்பட்ட ஃபேன் அமைப்பு வேண்டும்? கார்களை மாற்றியமைப்பவர்கள் உலகெங்கும் மோதிப் பார்க்கும் கேள்வி இது. இதற்கான விடையில் பாதி, கொடைக்கானல் இருக்கும் பழனி மலையின் காற்றிலேயே இருக்கிறது.

மலை தரும் சமநிலை

மேலே ஏற ஏறக் காற்றழுத்தம் குறையும். கொடைக்கானலில் அது சுமார் 785 மில்லிபார். கடல் மட்டத்தில் 1,013. சித்திரை மாதத்து மதியத்தில் வத்தலக்குண்டில் 35 டிகிரி செல்சியஸ் என்றும், அதே நேரத்தில் கொடைக்கானல் ஏரிக்கரையில் 18 டிகிரி என்றும் வைத்துக்கொள்வோம். அடிவாரத்தில் ஒரு கன மீட்டர் காற்றின் எடை சுமார் 1.1 கிலோ. மேலே அது 0.94 கிலோதான். குளிர்ச்சி காற்றைக் கொஞ்சம் அடர்த்தியாக்கிய பிறகும் 15 சதவீதம் நஷ்டம்.

டர்போ இல்லாத புல்லட்டுக்கோ பீட்டிலுக்கோ இதனால் சக்தி குறையும். ஆனால் ஆபத்து எதுவும் வராது. பிஸ்டன் உறிஞ்சி இறங்கும் ஒவ்வொரு முறையும் சிலிண்டருக்குள் போகும் காற்று 15 சதவீதம் குறைகிறது. எரியும் பெட்ரோலும் அதே அளவு குறைகிறது. உண்டாகும் வெப்பமும் குறைகிறது. ஃபின்கள் மீது வீசும் காற்று மெலிந்தாலும், அது தூக்கிச் செல்ல வேண்டிய சுமையும் மெலிந்துவிட்டது. காற்றால் குளிரும் இன்ஜின்கள் மலைகளில் நன்றாக உழைப்பதற்கு இந்தச் சமநிலை முக்கியமான காரணம்.

டர்போசார்ஜர் இந்தச் சமநிலையைக் குலைக்கிறது. வெளியேறும் புகையின் வேகத்தில் ஒரு சக்கரம் சுழல, அதே தண்டின் மறுமுனையில் உள்ள இன்னொரு சக்கரம் காற்றை அழுத்திச் சிலிண்டருக்குள் திணிக்கிறது. மலையில் இழந்த காற்றை அது சிலிண்டருக்குத் திருப்பிக் கொடுத்துவிடும். ஃபின்களுக்கு அது எதையும் கொடுப்பதில்லை. உள்ளே சமவெளியின் நெருப்பு, வெளியே மலையின் மெல்லிய காற்று என்ற நிலை அப்போது உருவாகிறது.

முன்னோடிகள்

அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் 1962இல் செவர்லே கார்வேர் மான்ஸா ஸ்பைடரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. பின்புறத்தில் ஆறு சிலிண்டர், காற்றுக் குளிர்ச்சி, டர்போசார்ஜர், 150 குதிரைத்திறன். டர்போ பொருத்தி விற்பனைக்கு வந்த உலகின் முதல் கார்களில் இதுவும் ஒன்று. இன்ஜினுக்கு மேலே படுக்கைவாட்டில் கிடக்கும் ஃபேனை, தொண்ணூறு டிகிரி முறுக்கிக்கொண்டு ஓடும் பெல்ட் சுழற்றியது. ஓட்டுநருக்கு முன்னால் சிலிண்டர் ஹெட்டின் வெப்பத்தைக் காட்டும் மீட்டரையும் வைத்திருந்தார்கள். எது முதலில் எல்லை மீறும் என்பது அந்தப் பொறியாளர்களுக்குத் தெரிந்திருந்தது.

ஜெர்மனியின் போர்ஷ் நிறுவனம் 1973இல் 917/30 பந்தயக் காரில் காற்றுக் குளிர்ச்சி கொண்ட பன்னிரண்டு சிலிண்டர் டர்போ இன்ஜினிலிருந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட குதிரைத்திறனை எடுத்தது. 917 வரிசை இன்ஜின்களின் மேல் படுத்திருந்த பெரிய ஃபேனைப் பற்சக்கரங்கள் இயக்கின. அந்த ஃபேனைச் சுழற்றுவதற்கு மட்டுமே முழு வேகத்தில் சுமார் 17 குதிரைத்திறன் செலவானது. புல்லட் 350இன் முழுச் சக்தியும் ஏறக்குறைய அவ்வளவுதான். சாலைக்கான 911 டர்போ 1974இல் அறிமுகமானது. 1978 மாடலில் இன்ஜின் 3.3 லிட்டராக வளர்ந்தபோது, டர்போ அழுத்திய காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர் பின்புறச் சிறகுக்குள் வந்து உட்கார்ந்தது. அதே ஆண்டு 935/78 பந்தயக் காரில் சிலிண்டருக்கு நான்கு வால்வு வைத்தபோது ஹெட்டில் ஃபின்களுக்கு இடமே இல்லாமல் போயிற்று. சிலிண்டரைக் காற்றுக்கும் ஹெட்டைத் தண்ணீருக்கும் பிரித்துக் கொடுக்க வேண்டியதாயிற்று. காற்றுக் குளிர்ச்சியின் எல்லை எங்கே என்பதை அந்தக் கார் காட்டிவிட்டது.

இந்தியாவுக்கும் இந்தத் தொழில்நுட்பத்தோடு நேரடித் தொடர்பு உண்டு. பொதுத்துறை நிறுவனமான பெமல் 1986இல் அன்றைய செக்கோஸ்லோவாக்கியாவின் டாட்ரா கூட்டுறவில் ராணுவத்துக்காகக் கனரக லாரிகளைத் தயாரிக்கத் தொடங்கியது. டாட்ராவின் அடையாளமே காற்றால் குளிரும் டீசல் இன்ஜின்தான். பிற்கால மாடல்களில் அந்த வி-8 இன்ஜினோடு டர்போவும் சேர்ந்துகொண்டது. தண்ணீர் உறையும் குளிரிலும், தண்ணீரே கிடைக்காத பாலையிலும் ஓட வேண்டிய வண்டிக்கு ரேடியேட்டர் இல்லாதது ஒரு பலம்.

அடிவாரத்தில் ஒரு சிக்கல், உச்சியில் வேறொன்று

சரி, பழனி மலைக்கு வருவோம். 100 குதிரைத்திறன், அதாவது 75 கிலோவாட் தரும் டர்போ இன்ஜின் ஒன்றை எடுத்துக்கொள்வோம். முழுச் சக்தியில் ஃபின்களும் ஆயில் கூலரும் சேர்ந்து ஏறத்தாழ 40 கிலோவாட் வெப்பத்தை வெளியேற்ற வேண்டும் என்று வைக்கலாம். ஃபின்களைக் கடக்கும் காற்று 60 டிகிரி சூடேறி வெளியே போகிறது என்றால், நொடிக்கு 0.67 கிலோ காற்று வேண்டும். அடிவாரத்தில் அது நொடிக்கு 600 லிட்டர். கொடைக்கானலில் அதே எடைக் காற்றைக் கொடுக்க 700 லிட்டரைத் தள்ள வேண்டும்.

ஃபேன் காற்றை எடைபோட்டுத் தள்ளுவதில்லை. ஒரே வேகத்தில் சுழன்றால் மேலேயும் கீழேயும் அதே கன அளவைத்தான் தள்ளும். எனவே மேலே காற்றின் எடை 15 சதவீதம் குறையும். வெப்பம் களையும் திறன் சுமார் 12 சதவீதம் குறையும்.

இந்த நஷ்டத்தை மலையின் குளிர் வந்து அடைக்கிறது. ஹெட் 180 டிகிரியில் இருக்கிறது என்றால், அடிவாரத்துக் காற்றுக்கும் அதற்கும் வித்தியாசம் 145 டிகிரி. உச்சியில் அது 162 டிகிரி. வித்தியாசம் கூடக் கூட வெப்பமும் வேகமாக வெளியேறும். இந்த லாபமும் சுமார் 12 சதவீதம். இரண்டையும் பெருக்கிப் பார்த்தால், ஃபின்களின் நிலைமை கீழேயும் மேலேயும் கிட்டத்தட்ட ஒன்றுதான்.

அப்படியானால் ஃபின்களுக்கு உண்மையான சோதனை எங்கே? மலையின் கீழ்ப்பகுதியில், வெயில் இன்னும் குறையாத கொண்டை ஊசி வளைவுகளில். வண்டி மணிக்கு இருபது கிலோமீட்டரில் ஊர்கிறது. எதிர்காற்று இல்லை. இரண்டாவது கியரில் இன்ஜின் 2,000 சுற்றுகளில் முக்குகிறது. குறைந்த சுற்றிலேயே இழுவையைக் கூட்டுவதற்குத்தான் டர்போவை வைக்கிறோம். டர்போ அந்தச் சுற்றில் இழுவையை ஒன்றரை மடங்காக்கினால் வெப்பமும் ஏறக்குறைய அதே விகிதத்தில் ஏறும். பெல்ட்டில் ஓடும் ஃபேனுக்கோ இன்ஜினின் சுற்று மட்டுமே தெரியும். அது எவ்வளவு பாரம் இழுக்கிறது என்பது தெரியாது. எனவே அந்த இடத்தில் ஒரு கியர் குறைத்து, சுற்றைக் கூட்டி ஓட்டுவது ஃபேனுக்குச் செய்யும் நேரடி உதவி.

உச்சியில் வரும் சிக்கல் வேறு. சிலிண்டருக்குள் போகும் காற்றை எப்போதும் 1.5 பார் அழுத்தத்தில் வைத்திருக்கும்படி டர்போவைக் கட்டுப்படுத்தியிருக்கிறோம் என்று கொள்வோம். அடிவாரத்தில் காற்றை ஒன்றரை மடங்குக்குச் சற்று மேல் அழுத்தினால் போதும். கொடைக்கானலில் 1.9 மடங்கு அழுத்த வேண்டும். அழுத்தினால் காற்று சூடாகும். கம்ப்ரசரின் திறன் 70 சதவீதம் என்று எடுத்துக்கொண்டு கணக்கிட்டால், 35 டிகிரியில் உள்ளே போன அடிவாரத்துக் காற்று 92 டிகிரியில் வெளியே வருகிறது. 18 டிகிரியில் உள்ளே போன கொடைக்கானல் காற்று 103 டிகிரியில் வருகிறது! குளிர்ந்த ஊரில்தான் இன்ஜின் சூடான காற்றைச் சுவாசிக்கிறது. அதனால் எரிபொருள் நேரம் தவறி வெடிக்கும் நாக்கிங் அபாயம் கூடுகிறது. நாக்கிங் தொடங்கினால் ஹெட்டும் பிஸ்டனும் இன்னும் சூடாகும்.

இதற்கு ஃபேனிடம் மருந்து இல்லை. இன்டர்கூலர்தான் மருந்து. அதை இன்ஜின் ஃபேனின் வாய்க்கு முன்னால் வைத்தால் ஃபின்களுக்குப் போக வேண்டிய காற்று முதலிலேயே சூடாகிவிடும். அதனால் தனிக் காற்றுவழியும் தனியாக ஒரு சின்ன மின்ஃபேனும் கொடுப்பது நல்லது. டர்போவின் அழுத்தத்தை மட்டுப்படுத்தும், ஸ்பிரிங் மட்டும் கொண்ட எளிய வேஸ்ட்கேட்டும் இங்கே கைகொடுக்கும். அது சுற்றுப்புற அழுத்தத்தோடு ஒப்பிட்டு வேலை செய்வதால், சமவெளியில் 1.5 பார் கொடுத்த டர்போ கொடைக்கானலில் சுமார் 1.3 பாரில் நின்றுகொள்ளும். மலை தரும் பழைய சமநிலையில் ஒரு பங்கு இப்படித் திரும்பக் கிடைக்கிறது.

ஃபேனைத் தேர்ந்தெடுத்தல்

ஃபேன்களுக்கு மூன்று விதிகள் உண்டு. சுழலும் வேகத்தை இரண்டு மடங்காக்கினால் காற்றின் அளவு இரண்டு மடங்காகும். அழுத்தம் நான்கு மடங்காகும். அதற்குச் செலவாகும் சக்தி எட்டு மடங்காகும். உச்சியில் 15 சதவீதம் மெலிந்த காற்றை ஈடுகட்ட ஃபேனைச் சுமார் 18 சதவீதம் வேகமாகச் சுழற்றினால், காற்று மெலிந்திருந்தும் சுமார் 40 சதவீதம் கூடுதல் சக்தி போகும். பெரிய புல்லியைப் போட்டுவிட்டால் சிக்கல் தீர்ந்துவிடும் என்று நினைப்பவர்கள் முதலில் பார்க்க வேண்டிய கணக்கு இது. வேகம் எல்லை தாண்டினால் ஃபேனின் இதழ்களே தாங்காது.

அடுத்து, ஃபேனின் வகை. வீட்டு ஃபேனைப் போல நேராகத் தள்ளும் வகையை போர்ஷ் 911 பயன்படுத்தியது. நடுவில் உறிஞ்சி ஓரத்தில் வீசும் வகையை பீட்டில் பயன்படுத்தியது. நெருக்கமான ஃபின்களுக்கு இடையே காற்றைத் திணிக்க அழுத்தம் வேண்டும். குறைந்த இடத்தில் அழுத்தம் தருவதில் இரண்டாவது வகை கெட்டி. முதல் வகை நிறையக் காற்றைத் தரும். ஆனால் ஃபின்கள் எதிர்த்து நின்றால், இதழ்களின் வடிவமைப்பு சரியாக இல்லாதபோது, காற்று முன்னேறாமல் அங்கேயே குழம்பிவிடும்.

பெல்ட்டை விட்டுவிட்டு மின்ஃபேனுக்கு மாறலாமே என்ற ஆசை எல்லோருக்கும் வரும். பாரத்துக்கு ஏற்ப வேகத்தை மாற்றலாம் என்பது உண்மையான நன்மை. ஆனால் 12 வோல்ட் வண்டியில் 3 கிலோவாட் ஃபேன் ஓட வேண்டுமென்றால் 250 ஆம்பியர் மின்னோட்டம் வேண்டும். சாதாரணக் காரின் ஆல்டர்னேட்டரால் அவ்வளவு கொடுக்க முடியாது. எனவே இன்ஜினின் முக்கிய ஃபேன் பெல்ட்டிலோ பற்சக்கரத்திலோ ஓடட்டும். ஆயில் கூலருக்கும் இன்டர்கூலருக்கும் மின்ஃபேன் போதும். மலையேறி வந்து வண்டியை நிறுத்திய பிறகும் அது சில நிமிடங்கள் ஓடி, டர்போவின் அருகே தேங்கும் வெப்பத்தை வெளியேற்றும்.

ஜெர்மனியின் டாய்ட்ஸ் நிறுவனம் தன் காற்றுக் குளிர்ச்சி டீசல் இன்ஜின்களில் இதற்கு நடுவழி ஒன்றைக் கண்டது. ஃபேனுக்கும் இன்ஜினுக்கும் நடுவே எண்ணெய் நிரம்பிய ஹைட்ராலிக் கப்ளிங்கை வைத்து, புகையின் வெப்பத்தை உணரும் தெர்மோஸ்டாட்டைக் கொண்டு அதில் பாயும் எண்ணெயின் அளவைக் கட்டுப்படுத்தினார்கள். இன்ஜின் பாரம் இழுத்தால் புகை சூடாகும். ஃபேன் வேகம் கூடும். பாரம் குறைந்தால் ஃபேனும் அடங்கும்.

கசியும் காற்று

எவ்வளவு நல்ல ஃபேனாக இருந்தாலும், அது தள்ளும் காற்று ஃபின்களுக்கு இடையே போகாமல் ஓரமாக நழுவினால் பயன் இல்லை. கவரின் ஓட்டைகளை அடைக்காமல் ஃபேனை மட்டும் பெரிதாக்குவது, வாய்க்காலின் உடைப்பை அடைக்காமல் மோட்டாரை மட்டும் பெரிதாக்கும் விவசாயத்துக்குச் சமம். சிலிண்டரின் முன்பக்கத்தில் மோதும் காற்று அதன் முதுகைத் தொடாமலே பிரிந்து போய்விடும். அதனால் பின்பக்கத்தைத் தழுவினாற்போல வளைந்த தடுப்புத் தகடுகள் வேண்டும். சிலிண்டருக்கும் தகட்டுக்கும் நடுவே உள்ள இடைவெளி, ஸ்பார்க் பிளக் வயர் நுழையும் துளை, இன்ஜின் அறையைச் சுற்றி ஓடும் ரப்பர் பட்டை ஆகிய எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக அடைக்க வேண்டும். அந்த ரப்பர் பட்டை கிழிந்திருந்தால், ஃபின்களைக் கடந்து சூடாகிக் கீழே போன காற்றையே ஃபேன் மறுபடியும் உறிஞ்சிவிடும்.

காற்று எல்லாச் சிலிண்டருக்கும் சமமாகப் போகிறதா என்பது இன்னொரு கேள்வி. பழைய பீட்டில் இன்ஜினில் ஆயில் கூலர் ஃபேன் கவருக்குள்ளேயே, மூன்றாம் சிலிண்டருக்குப் போகும் காற்றின் வழியில் நின்றது. அந்தச் சிலிண்டருக்கு மட்டும் காற்று குறைவாகவும் சூடாகவும் கிடைத்தது. மூன்றாம் சிலிண்டரின் வால்வு கருகுவது உலகெங்கும் மெக்கானிக்குகளுக்குப் பழகிப்போன கோளாறு. 1971 மாடலில்தான் ஆயில் கூலரை அந்த வழியிலிருந்து ஒதுக்கித் தனிக் கூண்டும் தனிக் காற்றுவழியும் கொடுத்தார்கள்.

டர்போ பொருத்தும்போது இதே தவறு எளிதில் திரும்ப வரும். எண்ணூறு டிகிரி வரை சூடேறும் டர்போவின் புகைச் சக்கரக் கூட்டை ஃபேனின் உறிஞ்சும் வாய்க்கு அருகே வைத்தால் எல்லாக் கணக்கும் பொய்யாகிவிடும். அதை வெப்பத்தடுப்பு உறையால் போர்த்தி, காற்றுவழிக்கு வெளியே தள்ளி வைக்க வேண்டும்.

ஆகவே ஃபேனை வாங்குவதற்கு முன் வாங்க வேண்டியவை வெப்பநிலையை அளக்கும் தெர்மோகப்பிள்கள்தான். ஒவ்வொரு ஸ்பார்க் பிளக்கின் அடியிலும் ஒன்று, எண்ணெய்க்கு ஒன்று, இன்டர்கூலருக்கு முன்னும் பின்னும் ஒவ்வொன்று. சிறு விமானங்களில் பறக்கும் லைகமிங் வகைக் காற்றுக் குளிர்ச்சி இன்ஜின்களுக்கு ஹெட்டின் உச்ச வரம்பு 260 டிகிரி. அது எட்டக்கூடாத எல்லை. கார் இன்ஜினை அதற்கு வெகு கீழே நிறுத்துவதே நல்லது, ஏனெனில் இருநூறு டிகிரிக்கு மேல் அலுமினியம் வேகமாக வலுவிழக்கும். இந்த மீட்டர்களோடு வெயில் காலத்து மதியத்தில் காமக்காபட்டியிலிருந்து பெருமாள் மலை வரை ஒருமுறை ஏறினால், எந்தச் சிலிண்டர் எந்த வளைவில் தவிக்கிறது என்பது தெரிந்துவிடும். சமவெளியின் நான்குவழிச் சாலையில் எவ்வளவு ஓட்டினாலும் இது தெரியாது. அங்கே இன்ஜின் சுற்றும் கூடுதல், எதிர்காற்றும் கூடுதல்.

இறங்கும்போது எல்லாம் தலைகீழாகும். மார்கழி அதிகாலையில், குறைந்த கியரில், ஆக்சிலரேட்டரைத் தொடாமல் இறங்கும் வண்டியில் பெட்ரோல் ஏறக்குறைய எரிவதே இல்லை. ஆனால் இன்ஜின் வேகமாகச் சுற்றுவதால் ஃபேன் முழு மூச்சில் குளிர்ந்த காற்றை வீசும். ஹெட்டும் சிலிண்டரும் வெவ்வேறு வேகத்தில் சுருங்கும், எண்ணெய் தடிக்கும். பந்தயக் கார்களைப் பார்த்துத் தெர்மோஸ்டாட்டையும் காற்றுத் தடுப்பு மடல்களையும் கழற்றி எறியும் வழக்கம் மாற்றியமைப்பவர்களிடம் உண்டு. பழனி மலைக்கு அது ஒத்துவராது. பீட்டிலில் இருந்ததைப் போலத் தானே மூடித் திறக்கும் மடல்கள் காற்றுவழியில் இருக்க வேண்டும். எண்ணெய் சூடாகும் வரை ஆயில் கூலருக்குப் போகாமல் திருப்பிவிடும் தெர்மோஸ்டாட்டும் வேண்டும். ஏறும் போது இவை முழுதாகத் திறந்து நிற்கின்றனவா, இறங்கும் போது மூடுகின்றனவா என்பதை அதே தெர்மோகப்பிள்களைக் கொண்டு இரண்டு திசையிலும் பார்த்த பிறகே டர்போவின் அழுத்தத்தைக் கூட்டத் தொடங்கலாம்.